செட்டியார் திபெத்துக்குப் போன நவராத்திரி

பிளசன்டனில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கொலு வைப்பார்கள். படிகளில் எல்லோர் வீட்டிலும் அதே தசாவதாரம்தான். போட்டியெல்லாம் படிக்குக் கீழே, தரையில் அமைக்கும் காட்சியில்தான். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஊர்த் தமிழ்ச் சங்கம் சிறந்த காட்சிக்குப் பரிசு அறிவித்தது. எனக்கு அது வேண்டும். அதுவரை நான் எதிலும் ஜெயித்ததில்லை. கலந்துகொண்டதற்குக் கொடுக்கும் பதக்கங்கள் மட்டும் ஒரு டிராயர் நிறைய இருந்தன.

"இதுவரைக்கும் யாருமே பண்ணாத தீம் பண்ணலாம்டா," என்றார் அப்பா.

அப்பாவுக்கு ஆபீஸில் மென்பொருள், வீட்டில் சரித்திரம். அந்த மாதம் அவர் புத்தகங்களில் திபெத்தின் கிழக்கு ஓரத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே காம் என்று ஒரு மலைநாடு. மேற்கே லாசாவிலிருந்த திபெத் அரசு, கிழக்கே சீனா. நடுவில் கிடந்த காமை இருவரும் மாறி மாறித் தம்முடையது என்றார்கள்; பிறகு ஒரு பெரிய ஆற்றையே எல்லையாக்கிக்கொண்டார்கள். கேட்கக் கேட்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலை, ஆறு, குதிரைப் படை! பரிசு எங்களுக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கராஜில் இருந்த அட்டைப் பெட்டிகளெல்லாம் மலைகளாயின. பளபளக்கும் நீலக் காகிதம் ஆறானது. போலீஸ் பேண்டு வாத்தியப் பொம்மைகளைச் சீனப் படையில் சேர்த்தேன். கல்யாண செட்டிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் லாசாவுக்காகப் போரிடப் போனார்கள். நடுவே, ஆற்றின் இரு கரையிலும் வெறும் பச்சைப் பெயின்ட். இடம் போதாததால் செட்டியார் பொம்மையும் அவர் மனைவியும் கடையோடு சோபாவுக்கு அடியில் ஒதுங்க வேண்டியதாயிற்று.

"செட்டியார் இல்லாம ஒரு கொலுவா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றாள் அம்மா.

"தேர் இஸ் நோ ரூம், அம்மா."

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுண்டல் தாளிக்கப் போனாள்.

நடுவர்கள் வரவிருந்த சனிக்கிழமை மதியம் என் வகுப்புத் தோழியும் அவள் அம்மாவும் வந்தார்கள். அவர்கள் திபெத்துக்காரர்கள். திபெத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு அவர்களைக் கூப்பிடாமல் இருப்பேனா? அந்த ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். நான் மூச்சு வாங்க இரண்டு படைகளையும் அறிமுகப்படுத்தினேன். அவர் பச்சையைக் காட்டி, இங்கே யார் இருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"நோபடி, ஆன்ட்டி. இட்ஸ் த பார்டர்."

அவர் ஆறு வளையும் ஓர் இடத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். பெயின்ட் இன்னும் காயவில்லை. விரல் தடம் அப்படியே பதிந்துவிட்டது. பிறகு அவர் சோபாவுக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செட்டியாரையும் மனைவியையும் எடுத்து, அந்த ஆற்றங்கரையில் உட்காரவைத்தார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஹி இஸ் வெரி இம்பார்ட்டன்ட்," என்று செட்டியாரைக் காட்டிச் சொன்னாள். ஆன்ட்டி தலையாட்டினார். வெற்றிலை பாக்கோடு இரண்டு பங்கு சுண்டலும் அவர் கைக்குப் போனது.

அவர்கள் கார் கிளம்பியதும் நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஓடி, அந்த விரல் தடத்தின் மேல் பச்சையைப் பூசினேன்.

நடுவர்கள் வந்தார்கள். "திபெத்துல செட்டியாரா?" என்று சிரித்தார்கள். அப்பா சளைக்கவில்லை. சீனத் தேயிலை அந்த வழியாகத்தான் மலையேறியது, வியாபாரி இல்லாமல் எப்படி என்று ஒரு பிடி பிடித்தார். முதல் பரிசு எங்களுக்கு! நான் சோபா மேல் ஏறிக் குதித்தேன், யாரும் திட்டவில்லை.

செட்டியாரால்தான் பரிசு என்று அம்மா இன்றும் சொல்கிறாள். நானோ, விரல் தடத்தை நேரத்தோடு மறைத்ததால்தான் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டியின் அப்பா பிறந்த வீடு அந்த ஆற்று வளைவில் இருந்தது என்று தோழி சொன்னது, நாங்கள் ஹைஸ்கூலுக்குப் போன பிறகு. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், பச்சை கெட்டுப்போகாமல் காப்பாற்றிவிட்டேன் என்பதுதான்.