கம்பெனி கொடியேற்றிய வருடம்

மாமாவின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். காலடிப்பேட்டை வரை அவர் திரும்பிப் பார்க்காமல் பின்னால் வந்தார். எங்கள் மீனவக் குப்பத்துக் கூட்டத்தில் எல்லோரும் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். திருவிழாவுக்கு வந்தவர், கொடியேற்றம்கூடப் பார்க்காமல் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. வெளிநாட்டில் பேராசிரியர். பெரிய நாடுகள் சின்ன நாடுகளை எப்படி வளைத்துப் போடுகின்றன என்பதுதான் அவருடைய படிப்பு, எழுத்து, பிழைப்பு எல்லாம். ஏழாவதோடு பள்ளியை விட்டிருந்த எனக்கு, இதற்கெல்லாம் சம்பளம் தருவார்களா என்பதே குழப்பம்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். கொடியேற்றச் செலவை ஏற்பவர் அந்த வருடம் எதைக் கேட்டாலும் குப்பம் மறுக்கக் கூடாது. அதுவரை கேட்டவர்கள் படகு நிறுத்த நல்ல இடம் கேட்டதோடு சரி. அந்த வருடம் மீன்பாடு இல்லை. பக்கத்தில் கிடங்கு வைத்திருந்த கம்பெனி செலவை ஏற்க முன்வந்தது. குப்பத்துத் தலைவரான அப்பா ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தில் மாமா எழுந்தார். "வாணாம். ஒரு தீவுல இப்டித்தான் பெரிய நாட்டுக்காரன் மொதல்ல மைதானம் கட்டிக் குடுத்தான். அப்பால துறைமுகத்தக் கேட்டான்."

"மைதானத்துல இப்போ ஆடுறாங்களா?" என்றார் அப்பா.

"ஆடுறாங்க."

"அப்பால இன்னா மச்சான்?"

சிரிப்பு அடங்கியதும் மாமா விடவில்லை. "நம்ம கரையக் கேட்டா?"

"அவனுக்கு நம்ம வழக்கம் எங்க தெரியப்போவுது?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நைனா, உன்னியப் படிக்க வெச்சதே வெளிநாட்டுக்காரன் காசுதானே? அவன் உன்னாண்ட இன்னா கேட்டான்?"

மாமா உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் அதையே நானும் கேட்டேன். பெட்டியை என் தலையிலிருந்து இறக்கிக்கொண்டார்.

"தெரிலடா. அதான் பேஜாரா கீது."

அன்று மாலை கொடி ஏறியது. மறுநாள் காலை கம்பெனி ஆட்கள் வெற்றிலைத் தட்டோடு வந்து முறைப்படி கரையைக் கேட்டார்கள். யாரும் மறுக்கவில்லை. மணலை அளக்க டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். கூலியும் பிரியாணிப் பொட்டலமும் உண்டு. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். குறுக்கே எங்கள் படகு நின்றது. அப்பாவே வந்து அதைத் தள்ளி வழிவிட்டார். வேலை கிடைத்த பிள்ளையை அவர் ஏன் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. டேப் தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.