இன்பமணி மை அடித்த பக்கம்

நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி. போன ஆவணி மாசம், ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், என் வீட்டுக்குள் நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பத்தெட்டு வயதில். பொய்யை ஜோடித்து எழுதுகிற அளவுக்கு எனக்குக் கை ஓடாது.

என் பேர் கிருபைராஜ். ஊர் சீவலப்பேரி. அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். நானும் என் மனைவி இன்பமணியும் சேர்ந்துதான் சர்ச்சில் நடந்த மாலை வகுப்புக்குப் போனோம். வகுப்பு எடுத்த சர்ச் உபதேசியார் எபனேசர் சார் ஒரு பழைய ராஜா கதை நாவலைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நமக்குப் பிடித்த வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கறுப்பு மையால் அடிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் கவிதையாம்.

"எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு வார்த்த. பக்கம் பூரா கரியாப் போயிருமே சார்" என்றேன்.

"ஒங்க மூஞ்சி மாதிரி இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் இன்பமணி. வகுப்பே சிரித்தது.

அந்த வருஷ மார்கழி வெள்ளத்தில் அவள் போய்விட்டாள். ஆட்டை அவிழ்த்துவிடப் போனவளை ஆறு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத வரைக்கும் நினைவு ஆராதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் இரண்டு தட்டு வைப்பேன். அவள் தட்டு அப்படியே இருக்க, எனக்குச் சோறு இறங்காது. மூட்டை தூக்கின உடம்பு எலும்பாகிப் போனது.

புத்தாண்டு ஆராதனையில் நாங்கள் கண்ணை மூடி வாக்குத்தத்த அட்டை எடுப்போம். கையில் வருகிற வசனம் அந்த வருஷத்துக்கு நமக்குக் கர்த்தர் சொன்னது. நாவலிலும் அப்படியே செய்ய ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறப்பேன். விரல் படுகிற வார்த்தைகளை விட்டு மற்றதை அடிப்பேன். இருக்கிறாளா, இல்லையா... அந்த ஒரு பதில் போதும் எனக்கு.

எபனேசர் சாருக்குக் கோபம். "அண்ணாச்சி, அது வேதம் இல்ல. கதப்பொஸ்தகத்துக்கிட்டப் போயி வாக்குத்தத்தம் கேக்கியளே!"

அந்த ஆவணி ஞாயிறும் கேட்டேன். சோறு போட்டு வைத்துவிட்டு, கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்தேன். மை எடுக்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. பக்கத்தைப் பார்க்காமலே எழுந்து அலமாரிக்குப் போனேன்.

திரும்பி வந்தால்... பக்கம் கறுத்துக் கிடந்தது.

ஈர மை. பளபளவென்று. மைப்புட்டி என் கையில். மூடியைத் திறக்கவே இல்லை.

ஆற்றுச் சேற்று வாடை.

சொட்... சொட்... என் முதுகுக்குப் பின்னால்.

வெளியே வெயில் கொளுத்துகிறது.

திரும்பவில்லை. கழுத்து அசையவில்லை.

கறுப்புக்கு நடுவில் நாலு வார்த்தை மிஞ்சியிருந்தது. அச்சு எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினேன்.

'இனி... வரமாட்டேன்... நீங்கள்... சாப்பிடுங்கள்.'

"இன்பம்..."

சொட்டுவது நின்றது.

அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவள் தட்டுச் சோற்றையும் சேர்த்து.

மறுநாளே எபனேசர் சாரிடம் போய், ஆராதனை வைக்கச் சொல்லிவிட்டேன். நடந்ததைச் சொல்லிப் புத்தகத்தைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போன மாசம், பாளையங்கோட்டையில் அதே நாவலின் இன்னொரு பிரதி அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதே பதிப்பு. என் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"பைய உக்காருங்க அண்ணாச்சி" என்று விரித்துக் காட்டினார். இன்பமணி மை அடித்த அதே பக்கம்.

முதல் பாகம் முடிந்து அடுத்த பாகம் தொடங்குவதற்கு முன்னால் வருகிற பக்கம் அது. அதில் ஒரு எழுத்துகூட அச்சடிக்கவில்லை.

வெறும் வெள்ளை.