தக்காளி நாற்றுக்கு மூடி

மண்ணூரில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரு தட்டில் மண் நிரப்பித் தக்காளி விதை போட்டு, பிளாஸ்டிக் மூடியால் மூடியிருந்தேன். முளை விட்டதும் மூடியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் தேங்கித் தண்டு அழுகும். நான் மூடியை எடுத்து வைத்துவிட்டுக் காலை ஷிப்டுக்குப் போவேன். நைட் ஷிப்ட் முடிந்து வரும் கணவர் மறுபடி மூடிவிடுவார். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், பாதி நாற்று அடித்தண்டு கருத்துச் சாய்ந்து கிடந்தது.

“கம்பெனில பெயிண்ட் அடிக்கிற ரூம்ல ஈரம் ஏறாம பாத்துக்குறதுதானே உங்க வேலை? வூட்ல இந்த ஒரு தட்டைப் பாக்க முடியலையா?” என்று கத்தினேன்.

“ஃபேன் போட்டுக்கினு தூங்குறேன், காத்து அங்க வரைக்கும் வருது. அதுங்களுக்குக் குளிருமேன்னு மூடுனேன்,” என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு மூடியைக் குப்பையில் எறிந்தேன். மறுநாள் நான் ஷிப்டில் இருக்கும்போது போன் செய்தார்.

“மூடியை எங்க வெச்சே?”