மார்பில் தட்டாத மதினி

எங்கள் மதினி அடைக்கலமேரியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "எழுது சூசை. ஆனா உன் வாயையும் சேத்து எழுது" என்றார். ஆகவே என் வாயிலிருந்தே தொடங்குகிறேன்.

மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் அண்ணன் லூர்துசாமி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அவர் தங்கையான நான் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் நாக்கு கொஞ்சம் நீளம் என்பதை ஊரே ஒத்துக்கொள்ளும். அண்ணன் மனைவியான மதினிக்கு, வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியின் பேக்கரியில் வேலை. வெள்ளனே எழுந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேடேறிப் போவார். மாவு பிசைய மிஷின் வந்த பிறகும் கடைசியில் ஒருமுறை கையால் பிசைந்தால்தான் ரொட்டி ரொட்டியாக இருக்கும் என்பது அவர் கட்சி. அந்தக் கையை யாரும் ஜெயிக்க முடியாது.

1979இல் அந்தப் பள்ளியின் ஹெலன் டீச்சர் குடும்பம் இரண்டு வருட விடுப்பில் அமெரிக்கா போனது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மதினியையும் கூட்டிப்போனார்கள். போன நாலாம் மாதம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. புற்று என்றார்கள். மார்பை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கொஞ்ச காலம் கழித்து அந்த ஆபரேஷன் செய்த டாக்டரே, சிலிக்கோன் ஜெல் அடைத்த ஒரு பையை அந்த இடத்துத் தசைக்கு அடியில் வைத்துத் தைத்தார். புற்று என்று கடிதம் வந்த அன்று அண்ணன் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. மதினிக்காக நான் முழங்காலில் நின்று ஜெபித்ததும் உண்மை.

அதனால்தான் பிறகு நான் செய்தது எனக்கே விளங்கவில்லை. 1981இல் பஸ்ஸை விட்டு இறங்கிய மதினி, போனபோது இருந்த மாதிரியே இருந்தார். நொந்து நூலாகி வருவார், நான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போவேன் என்று நினைத்திருந்த எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. மறுநாள் குழாயடியில் சொன்னேன். "ஆண்டவர் எடுத்துக்கிட்டத திரும்ப வச்சுத் தைக்க இவங்க யாரு? ஒருநா இல்லாட்டி ஒருநா அது சோலியக் காட்டும் பாருங்க." குடத்தோடு நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பேச்சு பக்கத்து ஊர் பள்ளங்கி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. மதினி காதிலும் விழுந்திருக்கும். அவர் கேட்டுக்கொண்டதாகக் காட்டவில்லை.

நாலு வருடம் ஓடியது. மதினி பழையபடி மாவு பிசைந்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கும் ஒரு ரொட்டி வரும். நான் வெட்கமில்லாமல் தின்றேன்.

1985 ஜனவரியில் உறைபனி கொட்டியது. ஞாயிறு பூசையில் பாவத்தை அறிக்கையிட்டு மூன்று தடவை மார்பில் தட்டிக்கொள்ளும் இடம் உண்டல்லவா, அங்கே பக்கத்தில் நின்ற மதினியின் கை எழவே இல்லை. முதல் வாரம் ஏதோ யோசனை என்று நினைத்தேன். இரண்டாம் வாரமும் அப்படியே. வரும் வழியில் கேட்டேவிட்டேன். "என்ன மதினி, அமெரிக்கா போய்ட்டு வந்தவங்களுக்குப் பாவமே கெடையாதோ?"

"இருக்கு, இருக்கு. உனக்குக் கொஞ்சம் தரவா?" என்று சிரித்தார்.

மூன்றாம் வாரம் நான் ஜெபம் சொல்லவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை எழுந்து மார்பு வரைக்கும் போனது. தொடாமல் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு கையை இறக்கிக்கொண்டார். திமிர் பிடித்தவள் முகம் அப்படி இருக்காது.

அன்று மத்தியானம் குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். அண்ணன் வேன் ஓட்டப் போயிருந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. மதினி கட்டிலில் உட்கார்ந்து, ரவிக்கையைத் தளர்த்திவிட்டு, இடது மார்பில் மருந்து தடவிக்கொண்டிருந்தார். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். பக்கத்தில் வெந்நீர்ப் பை கிடந்தது.

"சுடுறது தெரியலையா மதினி?"

"அந்தத் தோலுக்கு ஒண்ணுமே தெரியாது சூசை. ஆபரேஷன் பண்ணதுலேருந்து மரத்துப்போய்க் கெடக்கு. வலியெல்லாம் உள்ளுக்குள்ள. கயித்தப் போட்டு இறுக்குற மாதிரி."

பிறகு எல்லாம் சொன்னார். ஆறு மாதமாகவே வலி. மாவை அழுத்திப் பிசைந்தால் தோள் வரைக்கும் இழுக்கும். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. உள்ளே மெத்தென்று இருந்த சிலிக்கோன் பை பழுக்காத பேரிக்காய் மாதிரி கெட்டியாகி, கொஞ்சம் மேலேயும் ஏறிவிட்டது. பனிக்காலத்தில் எங்கள் வீடுகளில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்துவிடும். வெந்நீரில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்போம். உள்ளே இருக்கிற பையும் குளிரில் அப்படித்தான் உறைந்துவிட்டது, சூடு காட்டினால் இளகிவிடும் என்று மதினி முதலில் நம்பியிருக்கிறார். இளகவில்லை. அப்புறம்தான் பயம் பிடித்தது.

"அதுதான் திரும்ப வந்துருச்சு போல" என்றார். புற்று என்ற சொல்லை அவர் சொல்லவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா? டாக்டர்ட்ட ஏன் காட்டல?"

"அவருக்கு இன்னொருவாட்டி இதத் தாங்க முடியாது. டாக்டர்ட்ட போனா ஊருக்குத் தெரியும். தெரிஞ்சா பேசுவாங்க."

"என்னத்தப் பேசுவாங்க?"

மதினி என்னை ஏறெடுத்துப் பார்த்தார். கோபமே இல்லை அந்தப் பார்வையில். "சோலியக் காட்டிருச்சுன்னு" என்றார்.

குழாயடியில் நான் சொன்ன அதே வார்த்தை. ஒரு பெண் ஆறு மாதம் வலியோடும் பயத்தோடும், கண்ணீரை மாவில் விட்டுப் பிசைந்திருக்கிறாள், என் ஒரு வரிக்குப் பயந்து. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் வாய் அன்று செத்துக் கிடந்தது. "நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்று மட்டும் சொன்னேன்.

அண்ணனிடம் நானே சொன்னேன். அவர் வேன் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தார். மலையிறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் மதினி இடது பக்கத்தைக் கையால் அணைத்துக்கொண்டதை அவர் பார்த்துக்கொண்டே வந்தார்.

மதுரையில் பார்த்தது சிவபாக்கியம் என்ற சர்ஜன் அம்மா. அவசரமே படவில்லை. எப்போது வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கொப்புளத்தைப் பார்த்துத் திட்டினார். "உணர்ச்சி இல்லாத தோல்ல சூடு வைக்கலாமாம்மா? வெந்தாக்கூடத் தெரியாதே." அக்குளைத் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். பிறகு ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார்.

"இது உங்க உடம்பு. இது வெளியிலேருந்து வந்த பை. வெளியாள் உள்ள வந்தா உடம்பு அதச் சுத்தி ஒரு சுவரு கட்டும். எல்லாருக்குமே கட்டும். சில பேருக்கு அந்தச் சுவரு சுருங்கி இறுக்கும். அதுதான் இந்தக் கெட்டியும் வலியும். பை தசைக்கு அடியில இருக்கு, நீங்க மாவு பிசையறப்போ அந்தத் தசைதான் வேலை செய்யுது. அதான் அப்போ கூடுதலா வலிக்குது. நீங்க பண்ண தப்பு எதுவும் இதுல இல்ல."

கடைசி வரியைக் கேட்டதும் மதினி அழுதார். அண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "அப்ப அந்த நோவு இல்லையா டாக்டர்?" என்றார்.

"கைக்குத் தெரியல, எக்ஸ்ரேயிலயும் தெரியல. பையை எடுத்தா அந்தச் சுவரையும் சேத்து எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம். அப்ப உறுதியாச் சொல்லிடலாம். வேற பை வச்சுக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். அது உங்க இஷ்டம்மா."

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துருங்க. வேற வேண்டாம். பிசையணும் எனக்கு." புடவையைச் சரிசெய்துகொண்டே, "அது பாவம், நாலு வருஷம் என்னைத் தலை நிமிந்து நடக்க வச்சுச்சு. அதக் கொற சொல்லக் கூடாது" என்றார். உள்ளே இறுக்கி வதைத்த பைக்கும் நன்றி சொல்லும் ஒரு மனுஷியை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்று இல்லை. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழங்காலில் விழுந்தார்.

காயம் ஆறுவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். மெல்லிய பருத்தித் துணியில் சின்னப் பை தைத்து, உள்ளே கடுகை அடைத்து, கனம் சரியாக வரும்வரை கூட்டிக் குறைத்து, மதினியின் உள்பாடிக்குள் அதற்கென்று ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தேன். மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். போட்டுப் பார்த்த மதினி கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றார். "பசிச்சா தாளிச்சுக்கலாம்" என்றார். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மன்னிப்பை அப்போதும் நான் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பூசைக்குச் சேர்ந்து போனோம். அந்த இடம் வந்தது. மதினியின் கை எழுந்து, தயங்காமல், மூன்று தடவை மார்பில் தட்டியது. வலி இல்லை. எனக்கு எங்கிருந்தோ அழுகை வந்தது. குழாயடியில் சொன்ன அந்த வரி முழுசாக ஞாபகம் வந்தது. நானும் தட்டினேன். மூன்றோடு நிறுத்த முடியவில்லை. பக்கத்து வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன்.

மதினி என் கையைப் பிடித்து இறக்கினார்.

"மெதுவா சூசை" என்றார். "வலிக்கும்."