மேல்வீட்டுக்காரர் இறங்கிய நாள்

என் வீட்டுக்காரருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் மேல்வீட்டுக்காரர். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலையில் ஏணி ஏறிப் போய், உச்சியில் அலமாரி அளவுக்கு இருக்கிற கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தால், பொழுது சாயும்போதுதான் தரையில் கால் வைப்பார். சாப்பாடு மேலேயே. மற்றதற்கும் ஒரு பாட்டில் கூடவே போகும். அதைக் கேட்டு என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நாளெல்லாம் வாக்கி டாக்கியில் பேசிப் பேசி வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. "உப்பு" என்பார். நான் "உப்பு, தர்றேன்" என்று திருப்பிச் சொல்லும்வரை நீட்டிய கை நீட்டியபடியே இருக்கும். ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

அந்த வாக்கி டாக்கியின் மறுமுனையில் இருப்பவர் சிக்னல்மேன். தொங்குகிற பாரத்தை எந்தப் பக்கம் திருப்புவது, எங்கே இறக்குவது என்று கீழே நின்று குரல் கொடுக்கிறவர். அவருக்குக் கீழ்வீட்டுக்காரர் என்று பெயர். நான் அவரை அண்ணன் என்பேன், அதனால் என் வீட்டுக்காரருக்கு அவர் மச்சான். ஒரே குடியிருப்பில் எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. கண்காணாத தேசத்தில் எங்களுக்கு அவரும் அண்ணியும்தான் சொந்தபந்தம் எல்லாம். என்னை ஓட்டல் துணிகளுக்கு இஸ்திரி போடும் வேலையில் சேர்த்துவிட்டவரும் அண்ணிதான்.

ஏதோ சோதனை என்று ஒரு நாள் வேலையிடத்தை மூடினார்கள். அண்ணன் உடனே ஒரு வேனை இரவல் வாங்கிவிட்டார். ஊருக்கு வெளியே பழைய நகரம் ஒன்று இடிந்து கிடக்கிறது, வந்த நாளிலிருந்து பார்க்கப் போகிறோம் போகிறோம் என்று வாயால்தான் போய்க்கொண்டிருக்கிறோம், இன்றைக்குப் போயே தீருவது என்றார். என் வீட்டுக்காரர் தலைவலி என்றார், களைப்பு என்றார், இடிந்த சுவரைப் பார்க்க என்ன இருக்கிறது என்றார். கொஞ்ச மாதமாகவே அவர் இப்படித்தான். தூக்கம் சரியில்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை. நானும் என்னென்னவோ நினைத்துச் சந்தேகப்பட்டுக்கூடப் பார்த்துவிட்டேன். மகள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வேனில் ஏற்றினாள்.

கண்ணுக்கெட்டிய தூரம்வரை செங்கல். கூரையில்லாத அறைகள், தலையில்லாத தூண்கள். நடுவில் ஒரு பெரிய மேடு படிப்படியாக உயர்ந்து நின்றது. அங்கிருந்த பலகையில் எழுதியிருந்தது எங்களில் ஒருவருக்கும் புரியாத பாஷை. அண்ணன் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இந்த ராஜாவுக்கு மூன்று மனைவிமார், மூவருக்கும் ஆகாது, அதனால் ஆளுக்கொரு மாடி கட்டிக் கொடுத்தான், நான்காவது மாடியில் அவன் ஒளிந்துகொண்டான் என்று என் மகளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் ராஜா ஒளிந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று படியேற ஆரம்பித்தாள்.

எல்லோரும் ஏறினோம். உச்சியிலிருந்து ஒரு மதில் நீண்டு போய் ஒரு மூலையில் முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலம். இரு பக்கமும் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கீழே மரங்கள் கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தன. நாங்கள் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் மகள் மதில்மேல் ஓடிக் கடைசி மூலைக்கே போய்விட்டாள். "நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் வீடு மாதிரியாச்சே" என்று அவரைத் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

அவர் போனார். பாதி வழியில் நின்றார். நின்றவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். பிறகு குப்புறச் சாய்ந்து இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் மகளுக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்துக் கைகொட்டிச் சிரித்தாள். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டி நனைவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கூப்பிட்டேன். திரும்பவில்லை. அண்ணி என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிரிப்பதை நிறுத்திவிட்டு மகள் எங்களை நோக்கி ஓடிவரக் காலெடுத்தாள்.

"பாப்பா, அங்கயே உட்காரு. அப்பா கல்லு எவ்வளவு பழசுன்னு பார்க்கறாரு. மாமா சொல்றவரைக்கும் எழுந்திருக்காதே" என்றார் அண்ணன். கடைக்குப் போய் வா என்று சொல்கிற குரல். அவள் உட்கார்ந்தாள்.

அண்ணன் மெதுவாக நடந்து போய் அவருக்குப் பின்னால் குந்தினார். "மாப்ள, எங்கயும் பார்க்காதே. என் குரலை மட்டும் கேளு. வலது காலு, பின்னால, ஸ்லோ."

பிறகு என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது. "வலது காலு, ஸ்லோ."

"ஸ்லோ. ஸ்லோ. ஸ்டாப். இப்ப இடது."

"இடது."

இப்படியே அங்குலம் அங்குலமாக அவரைப் பின்னோக்கித் தவழவைத்துக் கொண்டுவந்தார். அவரை என்னிடம் விட்டுவிட்டு அண்ணன் திரும்பிப் போய் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் கைக்குள் இருந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை.

கீழே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அண்ணி மகளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். எவ்வளவு நாளாக இப்படி என்று அண்ணன் கேட்டார். இவர் சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தார், வெயில் என்றார், வெறும் வயிறு என்றார். அண்ணன் விடவில்லை. கடைசியில் உண்மை வந்தது. மழைக்கு முந்தி ஒரு நாள் திடீரென்று காற்று கிளம்பி, தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் குழாய்க் கட்டு ஊஞ்சலாக ஆடியதாம். யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்றிலிருந்து குனிந்து பார்த்தால் தரை தன்னை இழுக்கிறது என்றார். ஏணியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறாராம். கண்ணாடி அறையில் காலடியிலும் கண்ணாடிதான், அதன் வழியாகத்தான் பாரத்தைப் பார்த்து இறக்கவேண்டும். அதன்மேல் ஒரு சாக்கை விரித்துவைத்திருக்கிறாராம்.

"சாக்கா? அப்ப நீ கீழ பார்க்கறதே இல்லையா?"

"அதான் நீ பார்க்கறியே மச்சான்."

அண்ணன் எழுந்து போய் பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தால் சிரிப்பு மூட்டுகிற மனிதர், அப்படி ஒரு முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை. "உன் கண்ணும் சேர்த்து நாலு கண்ணு பார்க்குதுன்னு நினைச்சு ஒருநாள் நான் போன்ல பேசிட்டிருந்தேன் தெரியுமா? எனக்கு ஒரு தும்மல் வந்தா என்ன ஆகும்? கீழ நான் ஒருத்தன் மட்டுமா நிக்கறேன்?" பிறகு குரலை இறக்கிக்கொண்டு, நாளைக்கு ஏறுவதற்கு முன்னால் நீயே சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு, நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கிரேன் ஓட்டுகிற லைசென்சுக்குத்தான் இந்த தேசத்தில் எங்களுக்கு இடம். அது போனால் நாங்கள் மூன்று பேரும் பெட்டி கட்டவேண்டியதுதான். மகளின் படிப்பு நடுவில் நிற்கும். "சொன்னா எங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்கண்ணே. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்மா" என்றார்.

நான் அண்ணியைப் பார்த்தேன், நீங்களாவது சொல்லுங்கள் என்று. அவர் ஆரஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாரம் தொங்கறது எங்க வீட்டுக்காரரு தலைக்கு மேலதானே" என்றார். அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். சரியாகச் சொன்னார் என்பதால் இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, சொல்லிவிடுகிறேன் மச்சான் என்றார். திரும்பும் வழியில் மகள் ராஜாவின் மனைவிமார் கடைசியில் சமாதானம் ஆனார்களா என்று கேட்டாள். அண்ணன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

தினமும் அவர்கள் இருவரும் சேர்ந்துதான் வேலைக்குக் கிளம்புவார்கள். மறுநாள் இவர் வழக்கத்தைவிட முந்தியே எழுந்து, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் கதவை நோக்கிப் போனார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன்.

"அவன் வர்றதுக்கு முன்னால ஏறிடணும். மேல போய் உட்கார்ந்துட்டேன்னா அவன் வாயே திறக்கமாட்டான். ஆள் மேல இருக்கும்போது பதற வைக்கமாட்டான், அவன் குணம் எனக்குத் தெரியும். பாப்பா பரீட்சை முடியறவரைக்கும் இப்படியே ஓட்டிடலாம்."

அண்ணனின் நல்ல மனதை நம்பித்தான் அண்ணனையே ஏமாற்றக் கிளம்பியிருந்தார். நான் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். படியிறங்குகிற சத்தம் தேய்ந்து போயிற்று. நான் சும்மா இருந்தால் போதும். நேற்று ராத்திரி முழுக்க நான் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

எதிர்க்கதவைத் தட்டினேன். அண்ணன் பல்துலக்குகிற பிரஷ்ஷோடு வந்தார். "அண்ணே, அவரு கிளம்பிட்டாரு. ஏறிடப் போறாரு, ஓடுங்க" என்றேன். பிரஷ்ஷை அண்ணி கையில் திணித்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியில் தாவினார். அண்ணி என் தோளைத் தொட்டார். எனக்கு யாரும் தொடுவது பிடிக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மகளைப் பள்ளிக்கு அனுப்பினேன். வேலைக்குப் போகவில்லை.

உச்சிவேளையில் இவர் திரும்பி வந்தார். டப்பா திறக்காமல் அப்படியே இருந்தது.

"நீதான் சொன்னியா?"

"நான்தான்."

ஏச்சுக்கும் பேச்சுக்கும் தயாராக நின்றேன். அவர் சுவரோரமாக உட்கார்ந்தார். ஏணியில் நாலைந்து படி ஏறிவிட்டாராம். அண்ணன் ஓடிவந்து காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம். விடு விடு என்று இவர் உதைக்க, அவர் விடாமல் அழ, அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டாராம். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த மாதத்தோடு கணக்கு முடிகிறது. சொல்லி முடித்தவர் வெறுந்தரையில் சாய்ந்தார். அடுத்த நிமிடம் குறட்டை கேட்டது. எத்தனையோ மாதமாக நான் கேட்காத குறட்டை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மகள் பள்ளியிலிருந்து வந்து, அப்பா ஏன் பகலில் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டாள். நாம் ஊருக்குப் போகிறோம் என்றேன்.

"எப்ப திரும்பி வருவோம்?"

"மெதுவா பேசு. அப்பா தூங்கறாரு."