வெறும் பையோடு நடந்த ஞாயிற்றுக்கிழமைகள்

கிளினிக்கில் டாக்டர் அப்பாவை நடக்கச் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சீனி வருத்தம் கட்டுக்குள் வரவில்லை. மருந்தைக் கூட்டுவதற்கு முன் காலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள் என்றார். அப்பா தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

"நடந்து எங்க போறதாம்?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. அப்பா தேயிலைத் தோட்டத்து லயத்து வீடொன்றில் பிறந்தவர். பல வருடம் தோட்டத்து லொறி ஓட்டிவிட்டுக் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலைக்கு வந்து, இப்போது சொந்தமாக ஒரு ஆட்டோ வைத்திருக்கிறார். தோட்டத்தில் ஒருவர் நடக்கிறார் என்றால் எங்கோ போகிறார் என்று பொருள்: மலைக்கு, கடைக்கு, கோயிலுக்கு, சாவு வீட்டுக்கு. கையை வீசிக்கொண்டு சும்மா நடப்பவனை எதிரே வருகிற ஒவ்வொருவரும் நிறுத்தி விசாரிப்பார்கள். வேலைக்குப் போகவில்லையா, உடம்புக்கு என்ன, வீட்டில் சண்டையா என்று. மூன்றுக்கும் பதில் சொல்வதைவிட வேலைக்கே போய்விடலாம்.

அதனால் முதல் ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது அப்பா கதவுக்குப் பின்னால் தொங்கிய சாமான் பையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எதுக்குப்பா பை? ஒன்னும் வாங்கப் போறதில்லயே."

"கேக்குறவங்களுக்குக் காட்டத்தான்."

அம்மா உள்ளே இருந்து, "அப்படியே கொஞ்சம் கருவேப்பில வாங்கிட்டு வாங்க" என்றாள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கிவிட்டால் பை நிறைந்துவிடும், நடை முடிந்துவிடும்.

சந்தியில் ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டித்தான் ஆற்றுப் பாதைக்கு இறங்க வேண்டும். அங்கே திகனையிலிருந்து வந்து வண்டி ஓட்டும் முஸ்லிம் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அப்பாவின் நெடுநாள் கூட்டாளி. நாங்கள் வருவதைக் கண்டதும் வண்டிக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"என்ன அண்ணே, வண்டி வீட்டுல ஈக்கி, நீங்க நடக்குற? ஹோட்டல்காரன் பக்கத்துக் கடையில சாப்பிட்ட மாதிரியல்லவா ஈக்கி!"

"கடைக்குடா" என்று அப்பா பையை உயர்த்திக் காட்டினார்.

"கடை இந்தப் பக்கம், அண்ணே."

"அந்தப் பக்கமும் ஒன்னு இருக்கு."

அந்தப் பக்கம் இருந்தது மகாவலி கங்கை மட்டும்தான்.

எனக்கும் ஞாயிற்றுக்கிழமை தூங்கத்தான் ஆசை. ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்த்து அளவு சரிபார்க்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கிழமையில் ஆறு நாள், ஒரு தோளில் கருவிப் பெட்டி, மறு தோளில் சாப்பாட்டுப் பை. மாலையில் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்று, பிறகு பஸ்ஸிலும் நின்று வீடு வருகிறபோது கால் எனக்குச் சொந்தமானதாக இருக்காது. ஆனால் நான் போகாவிட்டால் அப்பா போக மாட்டார். வெறும் நடையில் அவருக்கு அலுப்பு வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு நடையிலும் எதைப் பார்த்தோம் என்று எழுதிவைப்போம் என்று சொன்னேன். எதையும் வரிசைப்படுத்தினால் எனக்கே கொஞ்சம் தெம்பு வரும்.

முதல் நாள் வரிசை இது: கொக்கு, நீர்க்காகம், செண்பகம், கீரி, வயலில் இறங்கிய மயில், யாரோ வீட்டுக் கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்த குரங்குக் கூட்டம். குரங்கைச் சேர்க்கக் கூடாது என்றார் அப்பா. "அது வனவிலங்கு இல்ல. நம்ம லயத்து ஆளு."

சில வாரம் இப்படியே போனது. மழை பெய்த மறுநாள் அட்டை ஏறியது, வெயிலில் வியர்த்தது. ஆற்றோர மூங்கிலுக்குள் மலை அணில் ஒன்று குதித்து ஓடியதைப் பார்த்துவிட்டு இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றோம். நல்ல நாட்கள்தான். களைப்பாக இருந்த நல்ல நாட்கள்.

எழுதி வந்ததில் ஒன்றை நான் மெல்லத்தான் கவனித்தேன். அப்பா கண்டதாகச் சொன்னவை எல்லாம் ஒன்று சத்தம் போட்டவை அல்லது அசைந்தவை. செண்பகம் கூப்பிட்டால் எனக்கு முன்னால் திரும்புவார். குரங்கு கிளையை உலுக்கினால் காட்டுவார். சும்மா உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியை அவர் ஒரு நாளும் முதலில் பார்க்கவில்லை. நான் காட்டினால், "ஆமா ஆமா, நீலமா இருக்கு" என்பார். மீன்கொத்தி நீலம் என்பதற்குக் கண் தேவையில்லை.

வேலையில் ஒரு கருவியின் மேல் சந்தேகம் வந்தால், எங்களுக்குத் தெரிந்த ஓர் அளவை அதற்குக் கொடுத்து அது என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் அப்பாவுக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், செய்கிறேன் என்று தெரியாமலேயே. தெரிந்தபின் நடை கனத்துப்போனது. ஏனென்றால் அப்பாவுக்கு ஸ்கூல் ஹயர் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளி நாளும் எங்கள் ஒழுங்கையிலிருந்தும் பக்கத்து ஒழுங்கையிலிருந்தும் சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கண்டி வரை போகிறார். இந்த ரோட்டில் பஸ்கள் எப்படி வரும் என்று பஸ்ஸில் தொங்கிப் போகிற எனக்குத் தெரியும்.

இருட்டியபின் ஹயர் போவதை அவர் விட்டிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. குடிகாரர்கள் ஏறுகிறார்கள் என்று காரணம் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பியிருந்தோம்.

ஒரு நாள் பாதையில் கேட்டேன்.

"அப்பா, கண்ண ஒருக்கா காட்டுவோமா?"

"கண்ணாடி மாத்தணும். அவ்வளவுதான்."

"சீனி இருந்தா கண்ணுக்கும் வருமாம்."

"லைசென்ஸுக்கு மெடிக்கல் எடுத்தப்ப எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு."

"அது எப்ப எடுத்தது?"

"நடக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

நான் விட்டுவிட்டேன். அன்று அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை. அதுதான் உண்மை. கண்ணைக் காட்டினால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் அப்பா என்ன ஆவார் என்று யோசிக்கக்கூட எனக்கு ஒரு முழுத் தூக்கம் வேண்டியிருந்தது. வீட்டில் அம்மாவிடமும் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நின்றபடி ஜன்னல் வழியே அப்பாவின் ஆட்டோவைத் தேடிக்கொண்டே போனேன். அதன் பச்சை நிறத்தைக் கண்டதும் நிம்மதியாக மூச்சு விட்டேன். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு ஆற்றுப் பாதையில், உடும்புச் சாதியில் தண்ணீரில் நீந்தும் கபரகொயா ஒன்று குறுக்கே கிடந்தது. பெரியது. வெயிலுக்கு வயிற்றை மண்ணில் ஒட்டிக்கொண்டு, வெட்டிப் போட்ட மரக்கட்டை மாதிரி அசையாமல் கிடந்தது. எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அப்பா பேச்சு மும்முரத்தில் முன்னால் நடந்தார். அவர் நிற்பார் என்று பார்த்தேன். நிற்கவில்லை. கடைசியில் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பிராணி வாலைச் சுழற்றிக்கொண்டு புதருக்குள் சரிந்து தண்ணீரில் விழுந்தது.

அப்பா சத்தம் வந்த புதர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் பாத்தேன். சும்மா ஒன்ன பயமுறுத்திப் பாத்தேன்" என்றார்.

"சரிப்பா."

"என்ன சரி?"

"சரின்னுதான் சொன்னேன்."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு தெரிந்ததோ. பையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

ஆறு வளைகிற இடத்தில் உட்கார ஒரு பாறை உண்டு. அங்கே உட்கார்ந்தோம். வெயில் எதிர்க்கரையிலிருந்து முகத்தில் அடித்தது, தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. நான் சப்பாத்தைக் கழற்றி அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் நிறுவனத்திலிருந்து ஏதோ செய்தி வந்திருந்தது. அதையும் ஒரு கண்ணால் பார்த்தேன்.

"அந்தா பாரு புள்ள" என்று அப்பா கையை நீட்டினார். "அக்கரையில, அந்த மரத்து உச்சியில. கழுகு."

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"ஆமாப்பா."

"பெருசுல்ல?"

"ஆமா. பெருசு."

"எழுதிக்க."

போனில் கழுகு என்று எழுதினேன்.

அப்பா கையை இறக்கினார். "எனக்கு அங்க மரமே தெரியல" என்றார். "வெள்ளையா ஒரு மூட்டம்தான் தெரியுது. நீ எந்த மரத்துல கழுகப் பாத்த?"

மீண்டும் பார்த்தேன். கையை நெற்றியில் குடைபிடித்து, இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். அவர் காட்டிய திசையில் மரம் இல்லை. மணல் அள்ளிய பள்ளமும் அதற்குப் பின்னால் ஒரு மதிலும் இருந்தன.

"நான் தெரியுதுன்னா நீ சரிங்குற. நீ தெரியுதுன்னா நான் ஆமாங்குறேன். ரெண்டு பேரும் நல்லாத்தான் விலங்கு பாக்குறோம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எனக்கும் வரவில்லை. பக்கத்துக் கிளையில் ஏதோ ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதை என்னவென்று சொல்லவில்லை.

"எவ்வளவு நாளாப்பா?"

"மழைக்கு முன்னாலருந்து. ரோடு தெரியுது. நடு ரோடு நல்லாத் தெரியுது. ஓரந்தான் தெரியல. வெயில் எதுக்க அடிச்சா எதுக்க வர்றதும்."

"பிள்ளைங்கள வச்சுக்கிட்டுப் போறீங்களே."

"மெதுவாத்தான் போறேன்." பிறகு குரல் இறங்கியது. "கபரகொயாவ மிதிக்கப் பாத்தேன்ல. அது ரோட்டுல நிக்கிற புள்ளையா இருந்தா, நீயா வந்து சட்டையப் புடிச்சி இழுப்ப?"

இதைத்தான் நான் பல இரவுகள் படுக்கையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் நினைத்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்து அறைகளில் படுத்துக்கொண்டு ஒன்றையே நினைத்துக் களைத்திருக்கிறோம்.

"நாளைக்கு யாரு பிள்ளைங்கள கூட்டிட்டுப் போறது?" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கேள்வி அதுதான். ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு அந்தக் கேள்வியே ஆறுதலாக இருந்தது போலிருந்தது. எழுந்து சாரத்தைத் தட்டிவிட்டு ஸ்டாண்டுக்கு நடந்தார்.

நானா முழுவதையும் கேட்டார். பகிடி ஒன்றும் விடவில்லை. ஆற்றுப் பக்கம் இருந்த கடையைப் பற்றியும் கேட்கவில்லை. "கண்ண முதல்ல காட்டுங்க அண்ணே. புள்ளைகள நான் ஏத்திக்கிட்டுப் போற" என்றார். சற்று நேரம் கழித்து, "நீங்க சரியாகி வாற வரைக்கும்தான் சொன்ன. உங்கட ஹயர் உங்களுக்குத்தான்" என்றார்.

"நானா, சரியாகாட்டி?" என்று கேட்டேன். அப்பா இல்லாத மாதிரி கேட்டுவிட்டேன்.

"சரியாகாட்டி, அல்லா ஈக்கான். அப்பவும் உங்கட வாப்பா என்ட பின் சீட்டுல இருந்து பிரேக் புடி, பிரேக் புடின்னு கத்துவாரு."

திங்கட்கிழமை விடிந்ததும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்பாவே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். போனில் சொல்லிவிடலாம் என்றேன். புள்ளைகளை நம்பிக் கொடுத்தவர்களிடம் போனில் சொல்லக் கூடாது என்றார். நான் நிறுவனத்துக்கு அரை நாள் லீவு சொன்னேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் வண்டி பிளாஸ்டிக் துணி போர்த்தி நின்றது. அப்பா அதைத் தாண்டும்போது துணிக்கு வெளியே நீட்டியிருந்த பக்கக் கண்ணாடியை ஒருக்கா சரிசெய்து வைத்தார், யாரோ ஓட்டப் போவது போல.

பை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. கையை வீசிக்கொண்டு நடந்தார். முதல் திருப்பத்திலேயே பால் வாங்கப் போன ஒருவர் நிறுத்திவிட்டார்.

"என்னங்க, வண்டி எடுக்கலயா? எங்க போறீங்க?"

"கண்ணு சரியில்லைங்க. சொல்லத்தான் போறேன்."

அந்த மனிதர் வேறெதுவும் கேட்காமல் விலகி வழிவிட்டார்.

கடைசி வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு பெரிய பலா மரம் நிற்கிறது. குக்குறுவான் ஒன்று அதற்குள் இருந்து குக்குறு குக்குறு என்று நிறுத்தாமல் கூப்பிட்டது. அப்பா மூச்சு வாங்க நின்றார். காதைச் சாய்த்தார். இதுவரை என்னிடம் கேட்காததைக் கேட்டார்.

"எங்க இருக்கு?"

நானும் நின்று அண்ணாந்து பார்த்தேன். இலையோடு இலையாக இருக்கிற பச்சைப் பறவை அது. கிளை கிளையாகத் தேடினேன். கழுத்து வலித்தது.

"தெரியலப்பா."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். தெரியல."

"அப்ப எழுதாத" என்று சொல்லிவிட்டு, ஏற்றத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.