பத்துப் பேர் வந்தால்தான் ஜப்பான் படம்

இந்த வாரம் ஓசூரில் இரண்டு ஜப்பான் படங்கள் வருகின்றன. ஒன்று தமிழ் பேசுகிறது, இன்னொன்று ஜப்பான் மொழியிலேயே ஓடுகிறது. இரண்டுக்கும் மாலைக் காட்சியே கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நிற்கும் பெண்கள் ஹாஸ்டலிலிருந்து கூட்டமாகப் போகப்போகிறார்களாம். "நீ இந்த மாதிரிப் படமெல்லாம் பாத்திருக்கியா?" என்று என்னையே ஒருத்தி கேட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஜப்பான் படத்துக்காகத் தியேட்டர் வாசலில் நான் சண்டை போட்ட காலத்தில் ஊரே அதைப் பொம்மைப் படம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை. பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த தியேட்டருக்கு ஒரு ஜப்பான் படம் வந்திருந்தது. கடலுக்கடியில் மூழ்கிப்போன ஊரில் தன் தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதை. எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே ஒரு போஸ்டர்தான் ஒட்டினார்கள், அதுவும் கழிப்பறைக்குப் போகிற வழியில். நாளுக்கு ஒரே காட்சி, காலை பத்தரைக்கு. பத்தரை மணிக்கு எந்த மனிதன் படம் பார்க்க வருவான் என்று அவர்களுக்கே தெரியும். தெரிந்துதான் வைத்தார்கள்.

திங்கட்கிழமை அழுது அடம் பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஒரு கல்லூரிப் பையன் மட்டும் நின்றிருந்தான்.

"மூணு பேருக்கெல்லாம் ஓட்ட முடியாதும்மா. பத்து ஆளாவது வரணும். பொம்மப் படத்துக்கு யாரு வருவா?"

அம்மாவுக்கு விட்டது தொல்லை என்று இருந்தது. திரும்புகிற வழியில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டாள். ஷேர் ஆட்டோவில் வீடு வரைக்கும் நான் அழுதேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

எனக்கு இருந்த ஒரே துணை சித்தப்பா. அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். கார்களுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை. அதனால் அவருக்கு ஜப்பான் மொழி தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அவரும் மறுக்கவில்லை. கம்பெனிச் சுவரில் எழுதியிருந்த நான்கைந்து வார்த்தைகளை வைத்துக்கொண்டு எங்களை மேய்த்தார். ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் வரிசையாக நின்று, குனிந்து, ஒருவருக்கொருவர் 'ஒட்சுகரேசமா' என்று சொல்ல வேண்டுமாம். மேனேஜர் உட்பட. 'பாடுபட்டுக் களைச்சுப் போனீங்க' என்று அர்த்தம் சொன்னார். அம்மா துணி துவைத்து முடிக்கும்போதெல்லாம் அவர் போய்க் குனிந்து நின்று அதைச் சொல்வார். "சொன்னா ஆச்சா? வந்து போர்வையப் பிழி" என்பாள் அம்மா.

படம் வியாழக்கிழமையோடு முடிகிறது, வெள்ளிக்கிழமை பெரிய நடிகர் படம் வருகிறது என்று தெரிந்ததும் சித்தப்பாவிடம் போய் நின்றேன்.

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு நேரா தியேட்டருக்கு வந்துடறேன் பாப்பா. பத்து ஆளுதான? நான் இட்டுனு வரேன், நீ அழாத."

நான் பெரிதாக நம்பவில்லை. ஆனால் வியாழக்கிழமை காலை அம்மாவோடு போய் இறங்கினால், சாம்பல் நிறச் சட்டையில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் தியேட்டர் வாசலில் நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு பை வைத்திருந்தார்கள். ஒரு பையில் ஷூவும் டிபன் பாக்ஸும் தெரிந்தன. ஒருவர் கையில் கண்ணாடி போட்ட முருகன் படம்கூட இருந்தது. சினிமாவுக்கு யாராவது முருகனைத் தூக்கிக்கொண்டு வருவார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அம்மா சித்தப்பாவிடம் என்னை ஒப்படைத்துவிட்டு உழவர் சந்தைக்குப் போனாள்.

வாசலில் பெரிய நடிகரின் கட்அவுட்டுக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கவுண்டர்காரருக்கு எங்களைப் பார்த்ததும் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். மிஷின் ரிப்பேர் என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பத்து பேர் வந்தா ஓட்டறேன்னுதான சொன்னீங்க? எண்ணிப் பாருங்க!" என்று கத்தினேன். என் குரலுக்கு அவர் அசையவில்லை. முருகன் படம் வைத்திருந்தவர், வேப்பனப்பள்ளிக்காரர், முன்னால் வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஓட்டுங்க சார். இன்னிக்கு எங்களுக்குப் போறதுக்கு வேற எடமில்ல."

சரியான பதிலடி என்று நான் குதித்தேன். மிஷின் உடனே சரியாகிவிட்டது.

ஆனால் படம் தொடங்கி அந்தப் பெண் கடலில் இறங்குவதற்குள் அத்தனை பேரும் தூங்கிவிட்டார்கள். ஏசி குளிரில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. வேப்பனப்பள்ளிக்காரர் குறட்டையில் கடல் அலைச் சத்தமே கேட்கவில்லை. இதற்காகவா நான் தவம் கிடந்தேன்? தூங்குவதற்கு வீடு இல்லையா இவர்களுக்கு? சித்தப்பா மட்டும் விழித்திருந்தார். அவராலும் பயனில்லை. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை நான் படித்து முடிப்பதற்குள் அது மறைந்துவிடும். "என்ன சொல்றா?" என்று இடித்து இடித்துக் கேட்டேன். "தெரியல பாப்பா" என்றார். ஒவ்வொரு முறையும் அதே பதில். இத்தனை நாள் வீட்டையே ஏமாற்றியிருக்கிறார் என்று அவர்மேல் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் அந்தப் பெண் தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். மீன் சந்தையில் வேலை முடித்து அவள் அம்மா நனைந்துபோய் உள்ளே வருகிறாள். மகள் கூடையை வாங்கி வைத்துவிட்டு, குனிந்து, "ஒட்சுகரேசமா" என்கிறாள்.

எங்கள் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் மூன்று நான்கு பேர் கண்ணைத் திறக்காமலே "ஒட்சுகரேசமா" என்று திருப்பிச் சொன்னார்கள். வேப்பனப்பள்ளிக்காரர் தூக்கத்திலேயே தலை குனிந்து சொன்னார். படத்தின் முக்கியமான கட்டம்! எனக்கு மானம் போயிற்று. திரும்பினால் சித்தப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

படம் விட்டும் யாரும் கிளம்பவில்லை. எதிரே டீக்கடையில் பையோடு நின்றுகொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து நான் அம்மாவிடம் எல்லோர் மேலும் புகார் சொன்னேன். அம்மா சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாய மூடிட்டுப் போய்க் கை கழுவு" என்றாள். அநியாயம் என்று அன்று சாப்பிடாமல் படுத்தேன். மறுநாளிலிருந்து சித்தப்பா வீட்டிலேயே இருந்தார். லீவு என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த மாம்பழ சீசனில் அவர் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனிக்குப் போனார்.

இப்போது நானும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறேன். எனக்குத் தெரியும். வண்டி விற்கவில்லை என்று எங்கோ ஒருவர் முடிவு செய்வார். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். ராத்திரி முழுக்க வேலை வாங்கிக்கொண்டு, விடிந்ததும் கேட்டில் வைத்துக் கழுத்திலிருக்கும் கார்டைக் கழற்றச் சொல்வார்கள். ஆளை இப்படி அனுப்பும் அயோக்கியத்தனத்துக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள், அதையும் சுவரில் எழுதலாம்.

அன்று காலை அவர்களை வரிசையில் நிற்கவிடவில்லை என்று சித்தப்பா போன வருடம்தான் சொன்னார். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் கேட்டில் நின்றவர்களைத்தான் அவர் படத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஷிப்ட் முடிந்து அந்த வார்த்தையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. திரையில் ஒரு சின்னப் பெண் சொன்னாள், அவர்கள் பதில் சொன்னார்கள். அப்போது நான் சித்தப்பாவின் முதுகில் ஒரு குத்து விட்டு, இவர்களைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள் என்றேன்.